பிழிமுறையும் ஊட்டத்தரமும்: நல்லெண்ணெயை முன்னிறுத்தி வித்தெண்ணெய்கள் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தாவர வித்துகளிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறைகள் அவ்வெண்ணெயின் ஊட்டத்தரத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மரச்செக்கு, திருகு அழுத்தப் பொறி, கரைப்பான் முறை, மீவிளிம்புநிலைக் கார்பன் டை ஆக்சைடு முறை ஆகிய நான்கும் ஒப்பிடப்படுகின்றன. எண்ணெயின் கொழுப்பு அமில அமைப்பு பிழிமுறையால் பெரிதும் மாறுவதில்லை. மாறுபவை மிகச் சிறிய அளவில் உள்ள துணைக்கூறுகளே. அத்துணைக்கூறுகளின் இழப்பும் பிழியும் கட்டத்தைவிடச் சுத்திகரிப்புக் கட்டத்திலேயே மிகுதியாக நிகழ்கிறது. அதே சுத்திகரிப்பு சில நச்சுப் பொருள்களை நீக்கவும் செய்கிறது. ஆகவே ‘செக்கு நல்லது, சுத்திகரிப்பு தீது’ என்னும் எளிய எதிர்நிலை அறிவியல் நோக்கில் போதாது என்பதும், வித்தின் தரமே முதன்மையானது என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச் சொற்கள்

நல்லெண்ணெய், மரச்செக்கு, கரைப்பான் முறை, சுத்திகரிப்பு, டோகோபெரால், செசமின், அஃப்லாடாக்சின், அமில எண்.

முன்னுரை

எள்ளின் நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று. ஒரு வித்தின் பெயர் எல்லா வித்துகளின் நெய்யத்துக்கும் பொதுப்பெயராக விரிந்தமை, தமிழர் வாழ்வில் எள் பெற்றிருந்த இடத்தைக் காட்டுகிறது. வடமொழியிலும் ‘தில’ என்னும் எள்ளின் பெயரிலிருந்தே ‘தைலம்’ தோன்றியது. செக்கின்மீது விதிக்கப்பட்ட ‘செக்கிறை’ என்னும் வரியையும், எண்ணெய் வணிகரான சங்கரபாடியாரையும் சோழர் காலக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. எண்ணெய் ஆட்டுதல் நெடுங்காலமாக இங்கு ஒரு முறைப்படுத்தப்பட்ட தொழிலாக இருந்துவந்துள்ளது.

இருபதாம் நூற்றாண்டில் திருகு அழுத்தப் பொறிகளும் கரைப்பான் ஆலைகளும் பரவியபின் செக்குகள் அருகின. அண்மைக் காலத்தில் அவை மின்னியக்கி பூட்டிய மரச்செக்குகளாக மீண்டும் நகரங்களிலும் சிற்றூர்களிலும் தோன்றியுள்ளன. இம்மீட்சியோடு இரு வகைக் கூற்றுகள் பரவுகின்றன. சுத்திகரித்த எண்ணெய் உயிர்ச்சத்து அனைத்தும் இழந்த வெற்றுக் கொழுப்பு என்பது ஒன்று. செக்கெண்ணெய் தூய்மையற்றது, ஆய்வுக்கு உட்படாதது என்பது மற்றொன்று. நுகர்வோர் செக்கெண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுக்கின்றனர். அவ்விலைக்கு ஈடாக அவர்கள் பெறுவது யாது என்னும் வினாவுக்கு விடை காண, எண்ணெய் வித்தினுள் எவ்வாறு அமைந்துள்ளது என்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

வித்தினுள் எண்ணெயின் இருப்பு

வித்தின் உயிரணுக்களுக்குள் எண்ணெய் மிக நுண்ணிய உருண்டைகளாகச் சேமிக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் உருண்டையையும் பாஸ்போலிப்பிடுகளாலும் ஒலியோசின் என்னும் புரதத்தாலும் ஆன மெல்லிய உறை சூழ்ந்துள்ளது. எண்ணெய் வெளிவர வேண்டுமாயின் உயிரணுச் சுவர் உடைய வேண்டும். உருண்டைகளின் உறை சிதைய வேண்டும். சிதறிய துளிகள் ஒன்றுகூட வேண்டும். நசுக்குதல், வெப்பமூட்டுதல், ஈரப்பதத்தைச் சீராக்குதல் ஆகிய யாவும் இம்மூன்று செயல்களுக்கே துணைபுரிகின்றன.

வெளிவரும் எண்ணெயில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது டிரைகிளிசரைடு எனப்படும் கொழுப்பே. எஞ்சிய சிறு பகுதியில் தனிக் கொழுப்பு அமிலங்கள், பாஸ்போலிப்பிடுகள், ஸ்டெரால்கள், டோகோபெரால்கள், நிறமிகள், மணப்பொருள்கள் ஆகியன அடங்கும். நல்லெண்ணெயில் இவற்றோடு செசமின், செசமோலின் என்னும் லிக்னான்களும் உள்ளன. எண்ணெய் முறைகளைப் பற்றிய விவாதம் முழுவதும் பெரும்பாலும் இச்சிறு பகுதியைப் பற்றியதேயாகும்.

நான்கு பிழிமுறைகள்

மரச்செக்கு: உரலுக்குள் உலக்கை சுழன்று வித்தை நசுக்கியும் தேய்த்தும் எண்ணெயைப் பிரிக்கிறது. சுழற்சி மெதுவாக நிகழ்வதால் உராய்வு வெப்பம் குறைவு. எனினும் வெப்பமே தோன்றுவதில்லை எனக் கூறுதல் தவறு. எள்ளை ஆட்டும்போது கருப்பட்டியும் சிறிது நீரும் சேர்ப்பது தமிழக வழக்கம். நசுங்கிய எள்ளின் புரதமும் நாரும் இவ்வீரத்தை ஈர்த்து ஒட்டிக்கொள்ள, எண்ணெய் தனியே கசிந்து வெளிவருகிறது. கருப்பட்டியின் சர்க்கரையும் இரும்புச்சத்து முதலான தாதுக்களும் எண்ணெயில் கரைபவையல்ல. அவை பிண்ணாக்கோடு தங்கிவிடும். எனவே கருப்பட்டியின் சத்து எண்ணெயில் சேர்கிறது என்னும் நம்பிக்கைக்கு வேதியியல் அடிப்படை இல்லை. அது பிரித்தலுக்கு உதவும் ஒரு தொழில்நுட்பம். அந்நிலையிலேயே அது பாராட்டத்தக்கது.

திருகு அழுத்தப் பொறி: எக்ஸ்பெல்லர் என வழங்கும் இப்பொறியில், உருளைக்குள் சுழலும் திருகு வித்தைத் தொடர்ந்து முன்தள்ளி மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்துகிறது. வித்துகள் முன்கூட்டியே ஆவியில் சூடேற்றப்படுவதும் உண்டு. உராய்வும் சூடேற்றலும் சேர்வதால் வெப்பநிலை 100 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடும்.

கரைப்பான் முறை: செதிலாக்கிய வித்தின்மீது அல்லது எக்ஸ்பெல்லர் பிண்ணாக்கின்மீது ஹெக்சேன் பாய்ச்சப்படுகிறது. அது எண்ணெயைக் கரைத்துக்கொண்டு வெளிவருகிறது. ஹெக்சேனின் கொதிநிலை ஏறத்தாழ 69 டிகிரி. ஆதலால் அதனை ஆவியாக்கிப் பிரித்து மீண்டும் பயன்படுத்துகின்றனர். இம்முறையில் பிண்ணாக்கில் எஞ்சும் எண்ணெய் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகும்.

மீவிளிம்புநிலைக் கார்பன் டை ஆக்சைடு முறை: 31 டிகிரி வெப்பநிலைக்கும் ஏறத்தாழ 74 பார் அழுத்தத்துக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு, வளியின் ஊடுருவும் திறனையும் நீர்மத்தின் கரைக்கும் திறனையும் ஒருங்கே பெறுகிறது. அழுத்தத்தைக் குறைத்தவுடன் அது வளியாக வெளியேறிவிடுவதால் எச்சம் தங்குவதில்லை. இது பாஸ்போலிப்பிடுகளை மிகக் குறைவாகவே கரைக்கும். ஆகவே பிசின் நீக்கம் தேவைப்படாத எண்ணெய் கிடைக்கிறது. உயரழுத்தக் கலன்களின் செலவு மிகுதி என்பதால், இது விலையுயர்ந்த சிறப்பு எண்ணெய்களின் அளவிலேயே நிற்கிறது.

விளைச்சல் வேறுபாடும் அதன் விளைவும்

தொழிற்சாலைகள் கரைப்பானை நாடியதன் காரணத்தை ஓர் எளிய கணக்கு விளக்கும். 50 விழுக்காடு எண்ணெய் உள்ள 100 கிலோ எள்ளை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் அல்லாத பகுதி 50 கிலோ. செக்குப் பிண்ணாக்கில் 14 விழுக்காடு எண்ணெய் எஞ்சுவதாகக் கொண்டால், அதில் தங்குவது ஏறத்தாழ 8 கிலோ. கிடைப்பது 42 கிலோ. எக்ஸ்பெல்லர் பிண்ணாக்கில் 7 விழுக்காடு எஞ்சினால் கிடைப்பது 46 கிலோ. கரைப்பான் முறையில் 1 விழுக்காடு எஞ்சினால் கிடைப்பது 49.5 கிலோ.

எள்ளில் இவ்வேறுபாடு தாங்கக்கூடியதே. 18 விழுக்காடு எண்ணெய் மட்டுமே கொண்ட சோயா மொச்சையில் நிலை வேறு. அதே எக்ஸ்பெல்லரில் 100 கிலோ சோயாவை இட்டால், எண்ணெய் அல்லாத 82 கிலோவோடு ஏறத்தாழ 6 கிலோ எண்ணெய் தங்கிவிடும். கிடைப்பது 12 கிலோ மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு இழப்பாகிறது. எண்ணெய்ச் செறிவு குறைந்த சோயாவும் அரிசித் தவிடும் கரைப்பான் முறையைச் சார்ந்திருப்பதும், செறிவு மிக்க எள்ளும் நிலக்கடலையும் செக்குக்கு ஏற்றவையாக இருப்பதும் இதனால்தான். சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேற்பட்டதை இறக்குமதி செய்யும் இந்தியா போன்றதொரு நாட்டில் இவ்வேறுபாட்டைப் புறக்கணிக்க இயலாது. செக்குப் பிண்ணாக்கில் தங்கும் எண்ணெய் முழுவதும் வீணாவதில்லை என்பதும் கருதத்தக்கது. அது கால்நடைத் தீவனத்தில் ஆற்றலாகச் சேர்கிறது.

பிழிதலும் சுத்திகரித்தலும் வேறு வேறு

பொது விவாதங்களில் பிழிதலும் சுத்திகரித்தலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. இவை தனித்தனிக் கட்டங்கள். ஹெக்சேன் டோகோபெரால்களையும் ஸ்டெரால்களையும் நன்கு கரைக்கும். கரைப்பானால் எடுத்த கச்சா எண்ணெயில் அவை குறைவதில்லை. ஆனால் அக்கச்சா எண்ணெய் பாஸ்போலிப்பிடுகளும் நிறமிகளும் மிகுந்திருப்பதால் நேரடியாக உண்ணத் தகுந்ததன்று. இந்திய விதிகளின்படியும் கரைப்பான் முறையில் எடுத்த எண்ணெயைச் சுத்திகரித்த பின்னரே உணவுக்கென விற்க வேண்டும். இழப்பு அந்த அடுத்த கட்டத்தில் நேர்கிறது.

சுத்திகரிப்பு பொதுவாக நான்கு படிகளைக் கொண்டது. பிசின் நீக்கத்தில் நீராலோ அமிலத்தாலோ பாஸ்போலிப்பிடுகள் பிரிக்கப்படுகின்றன. நடுநிலையாக்கத்தில் காரம் சேர்க்கப்பட, தனிக் கொழுப்பு அமிலங்கள் சோப்பாக மாறி நீங்குகின்றன. நிறநீக்கத்தில் அமிலமூட்டிய களிமண் கரோட்டினாய்டுகளையும் பச்சையத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. இறுதியான மணநீக்கத்தில், வெற்றிடத்தில் 180 முதல் 260 டிகிரி வரையிலான வெப்பத்தில் நீராவி செலுத்தப்பட்டு மணப்பொருள்கள் வெளியேற்றப்படுகின்றன. டோகோபெரால்களிலும் ஸ்டெரால்களிலும் ஒரு பகுதி இந்நீராவியோடு வெளியேறுகிறது. ஆலைகள் அவ்வடிநீர்மத்தைச் சேகரித்து, உயிர்ச்சத்து ஈ தயாரிப்போருக்கு விற்பதே இவ்விழப்புக்குச் சான்று.

மாறாதவை

எந்த முறையில் எடுத்தாலும் நல்லெண்ணெயில் ஒலியிக் அமிலமும் லினோலியிக் அமிலமும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 விழுக்காடு அளவில் இருக்கும். நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. இவ்விகிதத்தை முடிவு செய்பவை பயிரின் இனமும் விளைந்த சூழலுமே. ஒரு கிராம் எண்ணெய் தரும் ஆற்றலும் எல்லா முறைகளிலும் ஒன்றே. அது 9 கிலோ கலோரி. செக்கெண்ணெய் என்பதால் கூடுதலாக உண்ணலாம் என்னும் எண்ணம் பொருந்தாது. அவ்வாறே ‘கொலஸ்டிரால் அற்றது’ என்னும் விளம்பரமும் எந்த முறையின் சிறப்பையும் காட்டாது. தாவர எண்ணெய்கள் எவற்றிலும் கருதத்தக்க அளவில் கொலஸ்டிரால் இல்லை.

குருதிக் கொழுப்பின்மீது எண்ணெய் செலுத்தும் விளைவு முதன்மையாகக் கொழுப்பு அமில அமைப்பைச் சார்ந்தது. எனவே எந்த வித்தின் எண்ணெயை, எவ்வளவு உண்கிறோம் என்பவை, எம்முறையில் பிழிந்தது என்பதைவிட முதன்மை பெறுகின்றன.

மாறுபவை

டோகோபெரால்கள்: சுத்திகரிப்பின் கடுமையைப் பொறுத்துப் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்வரை இவற்றில் இழப்பு நேரலாம். இவ்விழப்பின் பொருள் எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடும். சூரியகாந்தி எண்ணெயில் உள்ளது பெரும்பாலும் ஆல்பா டோகோபெரால். உடலில் உயிர்ச்சத்து ஈ ஆகச் செயற்படுவது முதன்மையாக இதுவே. ஒரு கிலோவில் 500 மில்லி கிராம் கொண்ட சூரியகாந்தி எண்ணெய் 30 கிராம் உண்டால் 15 மில்லி கிராம் கிடைக்கும்; 30 விழுக்காடு இழப்பு நேர்ந்தால் 10.5 மில்லி கிராம் கிடைக்கும். இழப்பு உண்மையே, ஆயினும் எஞ்சுவது வெறுமையன்று. நல்லெண்ணெயில் மேலோங்கியிருப்பது காமா டோகோபெரால். அதன் உயிர்ச்சத்து ஈ ஆற்றல் ஆல்பாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. ஆகவே அங்கு அதன் பணி உண்பவரின் ஊட்டத்தைவிட எண்ணெயையே கெடாமல் காப்பதாகும்.

ஓரிசனால்: அரிசித் தவிட்டெண்ணெயின் சிறப்புக்கூறான ஓரிசனால், காரத்தால் நடுநிலையாக்கும்போது சோப்போடு சேர்ந்து பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. காரம் இன்றி, நீராவியால் அமிலங்களை வெளியேற்றும் இயற்பியல் சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் தங்குகிறது. இரண்டு எண்ணெய்களும் ‘சுத்திகரித்தவை’ என்றே விற்கப்படும். ஆனால் அவற்றின் தரம் வேறு. சுத்திகரிப்பு என்பது ஒரே செயலன்று என்பதற்கு இது தக்க சான்று.

பாஸ்போலிப்பிடுகள்: இவை எண்ணெயின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதில் டோகோபெரால்களுக்குத் துணைநிற்கின்றன. இவை அற்ற கார்பன் டை ஆக்சைடு முறை எண்ணெய், தூய்மையில் மேலாயினும் விரைவில் சிக்கடிக்கும் இயல்புடையதாக அமைவதுண்டு. மிகத் தூய்மையானதே மிக நிலைத்தது என்னும் பொது எண்ணத்தை இது மறுக்கிறது.

வெப்பத்தின் இரு முகங்கள்

வெப்பம் எப்போதும் ஊட்டத்தைக் கெடுக்கும் என்பது செக்கெண்ணெய் ஆதரவின் அடித்தளக் கருத்து. எள் இக்கருத்துக்கு விலக்காக நிற்கிறது. எள்ளை வறுக்கும்போது செசமோலின் சிதைந்து செசமோல் உருவாகிறது. இது வலிமை மிக்க எதிர் ஆக்சிஜனேற்றி. கிழக்காசிய நாடுகளில் வறுத்த எள்ளிலிருந்து எடுக்கும் கருநிற எண்ணெய் நெடுநாள் கெடாதிருப்பதற்குச் செசமோலும் வறுக்கும்போது தோன்றும் பழுப்புப் பொருள்களும் காரணமாகும்.

நிறநீக்கத்தில் வேறொரு மாற்றம் நிகழ்கிறது. அமிலக் களிமண்ணின் முன்னிலையில் செசமோலின் செசமினாலாக மாறுகிறது என்பதை 1980-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இதுவும் ஓர் எதிர் ஆக்சிஜனேற்றியே. செசமினின் ஒரு பகுதியும் எபிசெசமின் என்னும் மாற்றுவடிவம் கொள்கிறது. ஆகவே சுத்திகரித்த நல்லெண்ணெய் லிக்னான்களை முற்றும் இழந்ததன்று. வேறு லிக்னான் தொகுதியைக் கொண்டது.

இம்மாற்றத்துக்கு ஒரு நடைமுறை விளைவும் உண்டு. இந்தியாவில் வனஸ்பதியில் 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என விதிக்கப்பட்டிருந்தது. நெய்யில் வனஸ்பதி கலந்தால் பௌடூயின் சோதனை தரும் செந்நிறத்தால் அதனைக் கண்டறிவதே நோக்கம். அந்நிறம் செசமோலின், செசமோல் ஆகியவற்றைச் சார்ந்தது. கடுமையாக நிறநீக்கிய நல்லெண்ணெய் இச்சோதனையில் மங்கிய நிறமே காட்டும். மேலும் இச்சோதனை நல்லெண்ணெய் இருப்பதை உணர்த்துமேயன்றி, அதில் மலிவான பிற எண்ணெய் கலந்திருப்பதை உணர்த்தாது.

தீங்குகளின் இருபுறம்

ஊட்டத்தரம் என்பதில் பாதுகாப்பும் அடங்கும். 1960-இல் இங்கிலாந்தில் நிலக்கடலைப் பிண்ணாக்கு உண்ட ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அதன் காரணத்தைத் தேடியபோது கண்டறியப்பட்டதே அஃப்லாடாக்சின் என்னும் பூஞ்சை நச்சு. இது கல்லீரல் புற்றுநோயைத் தூண்டுவது. ஈரத்தோடு சேமித்த நிலக்கடலையில் இப்பூஞ்சை எளிதில் வளரும். நச்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கினாலும், எண்ணெயில் மிதக்கும் நுண்துகள்களோடு ஒரு பகுதி எண்ணெயிலும் சேர்கிறது. சமையல் வெப்பம் இதனை முற்றும் அழிப்பதில்லை. காரத்தால் நடுநிலையாக்கலும் களிமண்ணால் நிறநீக்கலும் இதனை நீக்குகின்றன. செக்கெண்ணெய்க்கு இவ்விரு காப்புகளும் இல்லை. பூஞ்சை பிடித்த கடலையைச் செக்கில் ஆட்டினால் நச்சும் உணவோடு சேரும். பருத்தி வித்தெண்ணெயில் உள்ள காசிபால் என்னும் நச்சு நிறமியும் சுத்திகரிப்பினாலேயே நீங்குகிறது.

மறுபுறம், சுத்திகரிப்பும் தனக்கே உரிய தீங்குகளை உண்டாக்குகிறது. மிகு வெப்ப மணநீக்கத்தில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களின் ஒரு சிறு பகுதி டிரான்ஸ் வடிவம் பெறுகிறது. 230 டிகிரிக்கு மேல் கிளிசிடைல் எஸ்டர்கள் தோன்றுவது விரைவடைகிறது. குளோரின் கொண்ட சேர்மங்கள் இருப்பின் 3-எம்சிபிடி எஸ்டர்களும் தோன்றுகின்றன. இவை பனை எண்ணெயில் மிகுதி. இவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு விதித்துள்ளது. வெப்பநிலையைக் குறைத்து, வெற்றிடத்தை மேம்படுத்தி மணநீக்கினால் இவை குறையும்.

ஹெக்சேன் எச்சம் குறித்த அச்சம் பரவலானது. சுத்திகரித்த எண்ணெயில் இதற்கு இந்திய வரம்பு 5 பிபிஎம். ஐரோப்பிய வரம்பு ஒரு கிலோவுக்கு 1 மில்லி கிராம். மணநீக்கத்தின் வெப்பத்திலும் வெற்றிடத்திலும், குறைந்த கொதிநிலை கொண்ட ஹெக்சேன் பெரிதும் வெளியேறிவிடுகிறது. ஹெக்சேனின் உண்மையான ஆபத்து உண்பவரைவிட ஆலைத் தொழிலாளரையே மிகுதியாகச் சார்ந்தது. தொடர்ந்து அதன் ஆவியைச் சுவாசித்தால் கை கால்களின் நரம்புகள் பாதிப்புறும். தீப்பற்றும் அபாயமும் உண்டு. எண்ணெய் விவாதத்தில் இத்தொழிலாளர் நலன் பெரும்பாலும் பேசப்படாமலே விடுபடுகிறது.

தரத்தை அறியும் வழி

‘குளிர்முறையில் பிழிந்தது’ என்னும் தொடருக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வரையறை அளித்துள்ளது. வெப்பம் செலுத்தாமல் இயந்திர முறையால் மட்டும் எடுத்து, நீரால் கழுவுதல், தெளியவைத்தல், வடிகட்டுதல், மையவிலக்கம் ஆகியவற்றால் மட்டுமே தூய்மையாக்கிய எண்ணெயே அது. இவ்வரையறை முறையைக் கூறுகிறது. தரத்தை உறுதிப்படுத்த எண்கள் வேண்டும். குளிர்முறை எண்ணெய்க்கு அமில எண் 4.0, பெராக்சைடு எண் 15 என்பன கோடெக்ஸின் மேல்வரம்புகள். சுத்திகரித்த எண்ணெய்க்கு அவை முறையே 0.6, 10 ஆகும்.

அமில எண் வித்தின் வரலாற்றைச் சொல்கிறது. முற்றாத, உடைந்த, ஈரம் பட்ட வித்தில் லிப்பேசு நொதி கொழுப்பைச் சிதைத்திருக்கும். அதனால் அமில எண் உயரும். பெராக்சைடு எண் எண்ணெய் எடுத்தபின் ஒளியும் காற்றும் அதன்மீது செய்தவற்றைச் சொல்கிறது. சுத்திகரிப்பு கெட்ட வித்தின் எண்ணெயையும் இவ்வெண்களில் நல்லதாகக் காட்டவல்லது. செக்கு எதையும் மறைக்க இயலாது. வித்து எவ்வாறோ எண்ணெயும் அவ்வாறே. செக்கெண்ணெயின் வலிமையும் வரம்பும் இவ்வொரு பண்பிலேயே அடங்கியுள்ளன.

இச்சோதனைகள் இரண்டும் கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் தரம்பார்த்தல் முறையால் செய்யக்கூடியவை. தத்தம் வட்டாரச் செக்குகளின் எண்ணெயை அறுவடைக் காலத்திலும் மழைக்காலத்திலும் ஒப்பிட்டு ஆராயும் மாணவர் ஆய்வுகள், சிறு உற்பத்தியாளருக்கும் நுகர்வோருக்கும் நேரடிப் பயன் தருவனவாகும். அஃப்லாடாக்சின் ஆய்வுக்குத் தனிக் கருவிகள் தேவை. எனினும் வித்தைக் கையால் பிரித்துச் சுருங்கியவற்றையும் நிறம் மாறியவற்றையும் நீக்குதல், நன்கு உலர்த்துதல், ஆட்டிய எண்ணெயைத் தெளியவைத்து வடிகட்டுதல் ஆகிய பழைய நடைமுறைகளே அந்நச்சைக் குறைப்பதில் முதற்படியாக அமைகின்றன.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வருவன பெறப்படுகின்றன. பிழிமுறை கொழுப்பு அமில அமைப்பையும் ஆற்றலையும் மாற்றுவதில்லை, துணைக்கூறுகளையே மாற்றுகிறது. அம்மாற்றத்தின் பெரும்பகுதி சுத்திகரிப்பில் நிகழ்கிறது. அதுவும் சுத்திகரிக்கும் முறைக்கேற்ப வேறுபடுகிறது. வெப்பம் சில கூறுகளை அழிக்க, எள்ளில் வேறு சிலவற்றை ஆக்குகிறது. சுத்திகரிப்பு சில நச்சுகளை நீக்கிச் சிலவற்றை உண்டாக்குகிறது.

எனவே எள், நிலக்கடலை போன்ற எண்ணெய்ச் செறிவு மிக்க வித்துகளுக்கு, வித்து நல்லதாயின் செக்கு தகுந்த முறையாகும். அதன் மணமும் துணைக்கூறுகளும் நுகர்வோர் பெறும் உண்மையான பயன். தவிடு, சோயா, பருத்தி வித்து ஆகியவற்றுக்குச் சுத்திகரிப்பு இன்றியமையாதது. அங்கு கேட்கப்பட வேண்டிய வினா எவ்வளவு மென்மையாகச் சுத்திகரிக்கப்பட்டது என்பதே. ‘மரச்செக்கு’ என்னும் பெயர்ப்பலகை தரச்சான்று ஆகாது. ஆட்டிய நாள், அமில எண், பெராக்சைடு எண் ஆகிய மூன்றும் குப்பியின்மீது இடம்பெறுமானால், நேர்மையாகத் தொழில் செய்யும் செக்கு உரிமையாளர் தம் எண்ணெயின் விலைக்கான காரணத்தை எடுத்துக்காட்ட முடியும். வாங்குவோரும் நம்பிக்கையை மட்டும் சாராமல் சான்றைச் சார்ந்து தேர்ந்தெடுக்க முடியும்.